கண்ணோட்டமும் கைப்பெட்டியும்

முதன்முறையாக வெளிநாடு புறப்படுகிறவருக்கு அறிவுரை சொல்ல நம் ஊர்களில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஊறுகாய்ப் புட்டியை எத்தனை சுற்றுக் கட்ட வேண்டும், விமானத்தில் காது அடைத்தால் என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கத்து இருக்கை நல்லது என்பது வரை எல்லோருக்கும் எல்லாம் தெரியும். விமானமே ஏறியிராதவர்தாம் இவற்றை மிகுந்த உறுதியோடு சொல்வார்கள் என்பது என் அனுபவம். இருக்கட்டும். அக்கறையால் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்வதில் நட்டமில்லை.

நான் இங்கே எழுத நினைப்பது சிங்கப்பூருக்கு முதல்முறை செல்பவர்களுக்கான சில குறிப்புகள். மகனோ மகளோ அங்கே வேலையில் இருப்பதால் பார்க்கப் போகும் பெற்றோர், சுற்றுலாக் குழுவில் சேர்ந்து செல்லும் ஓய்வுபெற்றோர், கருத்தரங்கிற்குப் போகும் என் போன்ற ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இக்குறிப்புகளுள் பெரும்பாலானவை சிறு தொல்லைகளைத் தவிர்க்க உதவுபவை. ஒன்று மட்டும் உயிரைப் பற்றியது. அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அதே நேரத்தில் பேருந்தில் கிளம்பியவர் சென்னையை எட்டியிருக்க மாட்டார். இந்த அண்மைதான் நம்மை ஏமாற்றுவது. அமெரிக்காவுக்குப் போகிறவர் ஆறு மாதம் முன்பே தாள்களை அடுக்கத் தொடங்குகிறார். சிங்கப்பூருக்குப் போகிறவரோ பக்கத்து மாவட்டத்துத் திருமணத்திற்குப் போவதுபோல் முதல்நாள் இரவு பெட்டி கட்டுகிறார். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் ஊர் என்பதால் அதை அயல்நாடாகவே மனம் ஏற்பதில்லை. ஆனால் அது அயல்நாடுதான். அதன் சட்டங்கள் அயல்நாட்டுச் சட்டங்கள்தாம்.

முதலில் தாள்கள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் விசாவை முன்கூட்டியே, அங்கீகரிக்கப்பட்ட பயண முகவர் வழியாகப் பெற வேண்டும். போய் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும். இதைத் தவிர மின்னணு வருகை அட்டை என்று ஒன்று உண்டு. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அதைச் சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை. பணம் கேட்கும் தளங்கள் பல, அரசுத் தளத்தின் சாயலிலேயே உலவுகின்றன. அவற்றில் கடன் அட்டை எண்ணைத் தட்டிவிடாதீர்கள். வருகை அட்டை வேறு, விசா வேறு. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை.

இன்னொன்று. விசாவின் காலம் வேறு, தங்குவதற்கு இசைவளிக்கப்பட்ட நாட்கள் வேறு. இப்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது நீங்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். மின்னஞ்சல் பார்க்கும் வழக்கமில்லாத பெரியவர்கள், பிள்ளைகளின் முகவரியைக் கொடுத்துவிட்டு அந்தத் தேதியைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாள் கடந்து தங்குவது அங்கே குற்றம். 90 நாட்களுக்கு மேல் அப்படித் தங்கினால் சிறையோடு பிரம்படியும் சட்டத்தில் உண்டு. ‘சொல்லிக்கொள்ளலாம்’ என்ற நம் சொல்லுக்கு அங்கே பொருளில்லை.

அடுத்தது பெட்டி. எதைக் கொண்டுபோவது என்பதைக் காட்டிலும் எதைக் கொண்டுபோகக்கூடாது என்பதே முதன்மையானது. நம் வீட்டுச் சமையலறையிலும் பூசையறையிலும் சட்டைப் பையிலும் இயல்பாகக் கிடக்கும் சில பொருள்கள் அங்கே குற்றப்பொருள்கள். கசகசா அவற்றுள் ஒன்று. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அபினிச் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று அரைத்தவரையே கேட்டுவிடுங்கள். வெற்றிலையோடு போடும் புகையிலை, பான் மசாலாப் பொட்டலங்களுள் புகையிலை கலந்தவை ஆகியவற்றைக் கொண்டுபோகக்கூடாது. சிகரெட்டில் ஒன்றுக்குக்கூடத் தீர்வை விலக்கு இல்லை. கொண்டுபோனால் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். 2025இல் நடவடிக்கைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. சூயிங்கம் கொண்டுவரும் தடை 1992 முதல் இருக்கிறது.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பயணம் செய்கிறவர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்கும் வயதினர். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேற்படாமல், மருத்துவரின் சீட்டோடு, மருந்துக் கடையின் மூல அட்டையிலேயே கொண்டுபோங்கள். மாத்திரைகளை எல்லாம் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடுமையான வலி நிவாரணிகள் ஆகியவற்றுக்கு முன் இசைவு தேவைப்படலாம். அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் மருந்தின் வேதிப்பெயரை இட்டுப் பார்த்து, வேண்டியிருந்தால் சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். நம் ஊரில் சீட்டில்லாமலே கிடைக்கிறது என்பது அங்கே ஒரு வாதமாகாது.

இனி, உயிரைப் பற்றியது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

2023இல் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு நான் சிங்கப்பூர் புறப்பட்டபோது, எதிர்வீட்டு அம்மா ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகள் அங்கே இருக்கிறாள். குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்த அம்மாவுக்குக் காலில் அறுவை நடந்திருந்ததால் மகளின் பிரசவத்துக்குப் போக முடியவில்லை. போக முடியாத துயரத்தை எல்லாம் அந்த மூட்டையில் கட்டியிருந்தார் என்று சொல்ல வேண்டும். வாயைச் சணல் நூலால் தைத்திருந்தார். நான் அவர் எதிரிலேயே கத்தரிக்கோலை எடுத்தேன்.

“பிரிச்சுப் பாக்கணுமா தம்பி? எம் மேல நம்பிக்கை இல்லையா?” என்றார்.

“உங்க மேல நம்பிக்கை இருக்கும்மா. அங்க கேக்கிறவங்ககிட்ட உள்ள என்ன இருக்குன்னு நான்தான் பதில் சொல்லணும்” என்றேன்.

பிரசவ லேகியம், வசம்பு, கறிவேப்பிலைப் பொடி, சிறு பருத்தித் துணிகள் எல்லாம் இருந்தன. லேகியத்தில் என்னென்ன சேர்த்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு காகிதப் பொட்டலத்தில் கசகசா இருந்தது; எடுத்துத் தனியே வைத்தேன். அடியில் ஒரு தகர டப்பா, மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள். அது என்னவென்று கேட்டேன். மகள் குடியிருக்கும் வீட்டில் உடன் தங்கியிருப்பவரின் நண்பருக்காம். அவருடைய உறவினர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து கொடுத்துப்போனாராம், சத்துமாவு என்றாராம். அந்த அம்மா அதைத் திறந்து பார்க்கவில்லை. பிறர் பொருளைத் திறப்பது பண்பில்லை என்று நினைத்திருக்கிறார்.

அந்த டப்பாவை நான் கொண்டுபோகவில்லை. அதில் இருந்தது சத்துமாவாகவே இருந்திருக்கும். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறேன். ஆயினும் எதிர்வீட்டு அம்மா இரண்டு மாதம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்த டப்பாவைக் கொடுத்தவரிடம் அவர் என்ன பதில் சொன்னாரோ, அதில் அவருக்கு எவ்வளவு சிறுமை நேர்ந்ததோ, எனக்குத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் எப்படி இயங்குகிறது என்பதை நம்மவர் பலர் சரியாக அறிந்திருக்கவில்லை. கடத்தினால் தூக்கு என்று பொதுவாகத் தெரியும். முன்பு தாளில் நிரப்பிய வருகை அட்டையில் அது சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தெரியாதது இதுதான்: 1973ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மெய்ப்பிக்கும் பொறுப்பை இடம் மாற்றி வைத்திருக்கிறது. போதைப்பொருள் அடங்கிய ஒன்று உங்கள் கைவசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், அதற்குள் இருந்ததும் உங்கள் வசமே இருந்தது, அது இன்னதென்று நீங்கள் அறிந்தே இருந்தீர்கள் என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அறியவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் நீங்கள். கலப்பற்ற ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனைக்குரிய எல்லை. 15 கிராம் என்பது மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை. ‘எதிர்வீட்டு அம்மா கொடுத்தார்கள், அவருக்கு யாரோ கொடுத்தார்கள்’ என்ற வாக்கியத்தை அந்த நீதிமன்றத்தில் எப்படி மெய்ப்பிப்பது? அந்த யாரோவின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் திருக்குறள் நினைவுக்கு வருவது இயல்பு. ‘கண்ணோட்டம்’ என்று ஓர் அதிகாரம் உண்டு, 58ஆவது. இன்று இச்சொல்லைப் பார்வை, கருத்துநிலை என்ற பொருளில் செய்தித்தாள்கள் கையாள்கின்றன. வள்ளுவர் கருதியது அதுவன்று. பழகியவரைக் கண்டால் அவர் கேட்டதை மறுக்க இயலாமை என்ற கருத்தில் பரிமேலழகர் இதை விளக்குகிறார். நாம் தாட்சண்யம் என்று சொல்கிறோமே, அதுதான். உறவுக்கும் ஊருக்கும் அது அழகு. அவ்வதிகாரத்தின் கடைசிக் குறள், நண்பர் தம் கண்முன்னே நஞ்சைப் பெய்து கொடுத்தாலும் மறுக்காமல் உண்டு அவரோடு நட்பாகவே இருப்பர் நாகரிகத்தை விரும்புவோர் என்ற அளவுக்குப் போகிறது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். பெட்டி கட்டும் இரவில்தான் அது எவ்வளவு உண்மையான விவரணை என்று புரிகிறது. திறந்து பாராமல் டப்பாவை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் அந்தக் குறளின்படி நடக்கிறவர்தாம்.

ஆனால் அதே அதிகாரத்தில் இரண்டு குறள் முன்னால் வள்ளுவர் வேறொன்றும் சொல்லியிருக்கிறார். தன் கடமை சிதைந்துபோகாமல் கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்பது அதன் கருத்து. பயணம் போகிறவருக்கு நான் இதையே எடுத்துச் சொல்வேன். மறுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கேட்டவரின் மனம் நோகாதபடி, ‘எல்லோருடைய பொருளையும் பிரித்துப் பார்த்துத்தான் வைக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அவரையே எதிரில் உட்கார வைத்து, அவர் கையாலேயே பிரிக்கச் சொல்லலாம். மூன்றாமவர் பொருள் எதுவாயினும், யார் வழியாக வந்தாலும், வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளலாம். நம் வீட்டு மளிகைச் சாமான்களில் பெரும்பாலானவை தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைக்கின்றன; ‘அங்கே போய் வாங்கிக் கொடுக்கிறேன்’ என்பது மறுப்பே ஆகாது. நானும் அப்படித்தான் முருங்கைக்காயும் பூண்டும் அங்கே வாங்கி, லேகியத்தோடு அந்தப் பெண்ணின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

விமான நிலையத்திலும் இதே கவனம் வேண்டும். ‘என் பெட்டி எடை கூடிவிட்டது, இதை மட்டும் உங்களோடு வையுங்கள்’ என்று வரிசையில் தமிழ்க்குரல் ஒன்று கேட்கும். தமிழ்க்குரல் என்பதே நம்மைக் கரைத்துவிடும். கரையாதீர்கள். எடைக்குப் பணம் கட்டும் வழி அவருக்கு இருக்கிறது.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபின் குடிநுழைவு அதிகாரி ஏதேனும் கேட்டால் கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள்: எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் பயணச்சீட்டு எங்கே. இவை அச்சிட்ட தாளில் கையில் இருக்கட்டும். கைப்பேசி மின்னூட்டம் தீர்ந்துபோகும் நேரம் பார்த்துத் தீரும். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டும் முகவரை நம்பி எந்த இளைஞரும் போகவேண்டாம். அந்த இசைவில் வேலை செய்வது குற்றம். சுங்கத்தில் ஐயம் இருக்கும் பொருளைச் சிவப்பு வழியில் சென்று நீங்களே காட்டிவிடுங்கள். கேட்பதில் அவமானம் ஏதுமில்லை.

பிறகு எல்லாம் எளிது. பெருவிரைவு ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட்டால் போதும். வங்கி அட்டையையும் ஏற்கிறார்கள். ரயிலில் உண்பதும் பருகுவதும் தண்டத்துக்குரியவை. இட்லிப் பொட்டலத்தை அங்கே பிரிக்கவேண்டாம். மின்படிக்கட்டில் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். மின்செருகி நம்முடையது போல் உருண்டைக் கால் அன்று, பட்டைக் கால் மூன்று. மாற்றி ஒன்று தேவை. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள். உணவங்காடி நிலையங்களில் உண்ட தட்டை நீங்களே உரிய அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். மேசைமேல் ஒரு சிறு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் இருந்தால் அது மறந்துபோன பொருளன்று; யாரோ இடம் பிடித்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார். நம் பேருந்து இருக்கையில் துண்டு போடுவது கடல் கடந்து வந்ததுபோல் எனக்குத் தோன்றியது. உணவகங்களில் விலைப்பட்டியலின்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரலாம். சைவ உணவினர் ‘காய்கறி’ என்று எழுதியிருப்பதை நம்பி மட்டும் வாங்கிவிடாமல், சிப்பிச் சாறோ கருவாடோ சேர்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவச் செலவு நம் கணக்கில் அச்சமூட்டக்கூடியது. பயணக் காப்பீடு இல்லாமல் பெரியவர்களை அனுப்பாதீர்கள். காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995 என்று சட்டைப் பையில் எழுதி வைக்கலாம்.

தமிழ் அங்கே நம்மை வரவேற்கும் விதம் தனி. பணத்தாளில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் அச்சாகியிருக்கும். கடவுச்சீட்டு அங்கே கடப்பிதழ், லிஃப்ட் மின்தூக்கி. 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. இலக்கிய ஆர்வலர்கள் விக்டோரியா தெருவின் தேசிய நூலகத்திற்கு ஒரு பகலேனும் ஒதுக்க வேண்டும். ஆனால் மொழி ஒன்று என்பதால் உரிமை எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்குள்ள தமிழர் அந்நாட்டுக் குடிமக்கள். ‘உங்கள் சொந்த ஊர் எது?’ என்று கேட்டால், பல தலைமுறையாக அங்கேயே வாழ்கிறவர் சிங்கப்பூர் என்றுதான் சொல்வார். அதற்குமேல் துருவாதிருப்பது மரியாதை.

திரும்பும்போது இன்னொரு சோதனை காத்திருக்கும். ‘குருவி’ என்ற சொல் நம் விமான நிலையங்களில் எப்பொருளில் வழங்குகிறது என்பது தெரிந்ததே. இந்தச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், திருச்சியில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், செலவுக்குக் கொஞ்சம் பணமும் தருகிறோம் என்று இனிமையாகக் கேட்பார்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கே நகைக்கான தீர்வை விலக்கு உண்டு. பத்து நாள் பயணிக்குக் கிடையாது. பிடிபட்டால் சங்கிலியின் உரிமையாளர் கூட்டத்தில் கரைந்துபோவார். நம் பெயர்தான் வழக்கில் ஏறும்.

எதிர்வீட்டு அம்மாவின் பேரனுக்கு இப்போது ஓடியாடும் வயது. சென்ற ஆண்டு அந்த அம்மாவே மகளிடம் போய்வந்தார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தெருவில் நாலைந்து பேர் அவரிடம் பொட்டலங்களோடு வந்தார்கள். திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொருவரையும் தங்கள் பொட்டலத்தைத் தாங்களே பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமாகக் கல்லூரிக்குப் போனேன். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் கொண்டுவந்த டப்பாவின் மூடி திறக்க வரவில்லை. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.